குடியிருப்போர் சங்கத்தின் கணக்கு: முதல் ரசீதிலிருந்து பதிவாளர் அலுவலகம் வரை

நாங்கள் இருப்பது 24 வீடுகள் உள்ள ஒரு பழைய அடுக்ககம். பொருளாளராக நான் பொறுப்பேற்ற அன்று என் கையில் வந்தது ஒரு ஜவுளிக்கடைப் பை. உள்ளே பாதி எழுதிய மூன்று ரசீதுப் புத்தகங்கள், ரப்பர் பேண்ட் போட்ட பில் கட்டு, ஒரு பாஸ்புக். எனக்கு முன்பு இருந்தவர் சங்கப் பணத்தில் ஒரு ரூபாய் தொட்டவர் இல்லை. ஆனால் தொடவில்லை என்பதைக் காட்ட அவரிடம் காகிதம் இல்லை. 18,000 ரூபாய் இடித்தது. லாரித் தண்ணீருக்கு ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் விட்ட பணம் அது என்று கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் மாடிப்படியில் பேச்சு கிளம்பிவிட்டது.

சங்கங்களில் கணக்குத் தகராறு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. திருட்டு அரிது, சீட்டு இல்லாத செலவுதான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியைப் பொருளாளரின் தற்காப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான குடியிருப்போர் நலச் சங்கத்தை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அதே சட்டத்தில் பதிவான தெரு நலச் சங்கம், முன்னாள் மாணவர் சங்கம், வாசகர் வட்டம் போன்றவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் துணைவிதிகளைப் படியுங்கள்

பதிவு செய்தபோது கொடுத்த துணைவிதிகளை, அதாவது சங்கம் தனக்கென்று எழுதிக்கொண்ட விதிகளை, யாரும் படிப்பதில்லை. ஆனால் செக்கில் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும், செயலாளர் தன் பொறுப்பில் எவ்வளவு செலவழிக்கலாம், கையில் எவ்வளவு ரொக்கம் வைத்துக்கொள்ளலாம், பொதுக்குழுவுக்கு எத்தனை நாள் முன்னால் அறிவிப்புத் தர வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். உங்களிடம் பிரதி இல்லை என்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கலாம். சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 என்று தனியாக ஒன்று உண்டு. அதன் கீழ் அமைந்த சங்கம் என்றால் விதிகள் வேறு.

வங்கிக் கணக்கும் பான் அட்டையும்

சங்கத்தின் பெயரில் பான் அட்டை, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. இதில் சமரசமே கூடாது.

இப்போது நிறையச் சங்கங்களில் நடப்பது என்ன? பொருளாளரின் சொந்தக் கூகுள் பே எண்ணை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "மெயின்டனன்ஸை இதுக்கே அனுப்பிடுங்க" என்கிறார்கள். வசதிதான். ஆனால் அந்தப் பணம் அவருடைய சம்பளம், வீட்டுக்கடன் தவணை, மளிகைச் செலவு எல்லாவற்றோடும் கலந்துவிடும். நாளைக்கு வருமான வரித்துறை இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று அவரைத்தான் கேட்கும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் சங்கத்துப் பணம் வாரிசுதாரர் கேட்டு வாங்க வேண்டிய பணமாகிவிடும். சங்கத்தின் கணக்குக்கே க்யூஆர் கோடு வாங்க முடியும். அதை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், சரி.

செக் என்றால் இரண்டு கையெழுத்து. நெட் பேங்கிங் என்றால் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதியை வங்கியில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், வெறும் செக்கில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கும் பழக்கம். தலைவர் ஊருக்குப் போகிறார் என்பதற்காக அதை ஒரு தடவை செய்தால்கூட, இரண்டு கையெழுத்து வைத்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகிறது.

பெயின்ட் அடிக்க, லிஃப்ட் மாற்ற என்று சேர்க்கும் கார்பஸ் பணத்தைத் தனி வைப்புத்தொகையில் போடுங்கள். தினசரிச் செலவுக் கணக்கோடு கலந்தால் அது இருப்பதுபோலத் தோன்றிக்கொண்டே கரைந்துவிடும்.

வரவு: ரசீது இல்லாமல் பணம் வாங்காதீர்கள்

ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண் அச்சாகியிருக்க வேண்டும். கார்பன் நகல் புத்தகத்திலேயே நிற்க வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் கிழிக்காதீர்கள். மூலத்தையும் நகலையும் குறுக்கே கோடு போட்டு, "ரத்து" என்று எழுதி உள்ளேயே வைத்திருங்கள். தணிக்கை செய்பவர் முதலில் பார்ப்பது விட்டுப்போன எண்ணைத்தான்.

ரசீதில் வீட்டு எண், எந்த மாதத்துக்கான கட்டணம், பணம் வந்த விதம், யுபிஐ என்றால் பரிவர்த்தனை எண், இவ்வளவும் வேண்டும். "பெற்றுக்கொண்டோம் ரூ.5,000" என்று மட்டும் எழுதினால் அது ஜூன், ஜூலைக்கா, பழைய பாக்கிக்கா என்று ஆறு மாதம் கழித்துச் சண்டை வரும். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்பது இன்னும் சட்டத்தில் இருக்கிறது.

ரொக்கமாக வந்த பணத்தை அப்படியே வங்கியில் கட்டுங்கள். வந்த ரொக்கத்திலிருந்தே வாட்ச்மேனுக்கு ஆயிரம், டீசலுக்கு இரண்டாயிரம் என்று எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியைக் கட்டினால் எந்தப் பணம் எங்கே போனது என்று பாஸ்புக் சொல்லாது. இந்த ஒரு பழக்கத்தை நிறுத்தினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

செலவு: வவுச்சர்

ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வவுச்சர், அதன் பின்னால் பில். வவுச்சரில் தேதி, வரிசை எண், யாருக்கு, எதற்கு, யார் அனுமதித்தது, பணம் வாங்கியவரின் கையெழுத்து. பில் தராதவர்கள் உண்டு: செப்டிக் டேங்க் எடுப்பவர், தென்னை மரம் ஏறுபவர், தண்ணீர் லாரி டிரைவர். அவர்களுக்கு வவுச்சரையே பில்லாக்குங்கள். என்ன வேலை, எத்தனை லோடு என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, கைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் லாரிக்கு மட்டும் வாட்ச்மேனிடம் ஒரு நோட்டு கொடுத்துவிடலாம்: தேதி, நேரம், வண்டி எண், லிட்டர். மாதக் கடைசியில் லாரிக்காரர் பில்லை அந்த நோட்டோடு ஒப்பிடலாம்.

சில்லறைச் செலவுக்கு ஒரு நிலையான தொகை வைத்துக்கொள்ளுங்கள், 3,000 ரூபாய் என்று வைப்போம். தீரத் தீர, செலவான வவுச்சர்களின் கூட்டுத்தொகைக்கு மட்டும் செக் போட்டு நிரப்ப வேண்டும். எந்த நேரத்தில் யார் எண்ணிப் பார்த்தாலும் கையிலுள்ள காசும் வவுச்சரும் சேர்ந்து 3,000 வர வேண்டும்.

தெர்மல் காகித பில்கள் (பெட்ரோல் பங்க், ஹார்டுவேர் கடை) ஒரு வருடத்தில் வெளுத்துவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். நான் தணிக்கைக்குக் கொண்டுபோன டீசல் பில்களில் பாதி வெள்ளைத் தாளாக இருந்தது. ஆடிட்டர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

என்னென்ன புத்தகங்கள்

ரொக்கப் புத்தகம், பேரேடு (ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனிப் பக்கம் உள்ள கணக்குப் புத்தகம்), உறுப்பினர் வாரியான கட்டணப் பதிவேடு, சொத்துப் பதிவேடு, மினிட் புத்தகம் (கூட்ட நடவடிக்கைகளையும் தீர்மானங்களையும் எழுதுவது). நம் அளவுள்ள சங்கத்துக்கு இது போதும். டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்தவர் இருந்தால் டாலி, இல்லையென்றால் எக்செல், அதுவும் இல்லையென்றால் அறுபது ரூபாய் லாங் சைஸ் நோட்டு. எதில் எழுதினாலும் அன்றன்றைக்கு எழுதுங்கள். எக்செல்லில் எழுதுபவர்கள் மாதம் ஒருமுறை அச்செடுத்து இருவர் கையெழுத்துப் போட்டு வையுங்கள், ஏனென்றால் எக்செல்லில் பழைய எண்ணை மாற்றினால் தடயம் இருக்காது.

கட்டணப் பதிவேட்டில் வீடுகள் குறுக்கே, மாதங்கள் நெடுக்கே. யார் கட்டவில்லை என்பது ஒரே பார்வையில் தெரியும். அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமா என்று ஒவ்வொரு வருடமும் விவாதம் நடக்கும். நாங்கள் பெயர் போடாமல் வீட்டு எண் மட்டும் போட்டோம். 24 வீட்டில் அது யாருக்கும் மறைவில்லை. இருந்தாலும் சண்டை குறைந்தது.

மாதாமாதம் பாஸ்புக்கோடு ஒப்பிடுதல்

ரொக்கப் புத்தகத்தில் வங்கி இருப்பு ஒரு தொகை காட்டும், பாஸ்புக் வேறு தொகை காட்டும். இரண்டுமே சரியாக இருக்கலாம். வித்தியாசத்துக்குக் காரணம் எழுதுவதுதான் வங்கி சரிக்கட்டல். ஓர் உதாரணம்.

மார்ச் 31 அன்று ரொக்கப் புத்தகப்படி வங்கி இருப்பு 1,74,800. பாஸ்புக் 1,92,300. இடையில் 17,500 வித்தியாசம். தேடினால் ஒரு வீட்டுக்காரர் நேரடியாக அனுப்பிய 2,500 நம் புத்தகத்தில் ஏறவில்லை. வங்கி வட்டி 1,090 ஏறவில்லை. வங்கி பிடித்த கட்டணம் 590, அதுவும் எழுதவில்லை. இந்த மூன்றையும் நம் புத்தகத்தில் எழுதினால் இருப்பு 1,77,800 ஆகிறது. மிச்ச வித்தியாசம் 14,500: லிஃப்ட் பராமரிப்புக்குக் கொடுத்த செக்கை அவர்கள் இன்னும் வங்கியில் போடவில்லை. அதற்குப் புத்தகத்தில் எதையும் மாற்ற வேண்டாம், சரிக்கட்டல் தாளில் குறித்தால் போதும். ஆனால் செக்கின் ஆயுள் மூன்று மாதம்தான். அதற்குள் போடவில்லை என்றால் கூப்பிட்டுக் கேட்டு, செலவுப் பதிவைத் திருப்பிவிட்டுப் புதுச் செக் கொடுக்க வேண்டும்.

மாதாமாதம் செய்தால் அரைமணி நேர வேலை. வருடக் கடைசிக்குத் தள்ளினால், பெயரில்லாமல் வந்த 2,500 ரூபாய்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி "இது உங்க பணமா?" என்று கேட்க வேண்டியிருக்கும். 24 வீட்டிலும் கட்டணம் ஒரே தொகை என்பதுதான் சிக்கலே. மொத்தத் தொகையோடு வீட்டு எண்ணைப் பைசாவாகச் சேர்த்து அனுப்பச் சொல்லலாம்: 7-ஆம் எண் வீடு என்றால் 2,500.07. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் வேலை செய்கிறது.

வரி விஷயம்

"நாங்க லாப நோக்கம் இல்லாத சங்கம், எங்களுக்கு வரியே கிடையாது" என்பது பாதி உண்மை.

உறுப்பினர்கள் தங்களுக்காகத் தாங்களே போட்டுக்கொள்ளும் பணம் வருமானம் ஆகாது என்பது சட்டத்தில் நிலைபெற்ற கொள்கை. ஆனால் அந்தப் பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டு வரும் வட்டிக்கு இந்தக் கொள்கை பொருந்தாது என்று பெங்களூர் கிளப் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மொட்டை மாடியில் செல்போன் டவருக்கு வாடகை, வெளியாருக்கு ஹால் வாடகை ஆகியவையும் வருமானம்தான். இவற்றைத் தனித் தலைப்பில் எழுதுங்கள். பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்துவிட்டால் ஆடிட்டரால் பிரிக்க முடியாது.

அடுத்து டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது. பதிவு பெற்ற சங்கம் ஒப்பந்ததாரருக்குப் பணம் தரும்போது, ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, வருடத்தில் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ வரி பிடிக்க வேண்டும். தனிநபர் என்றால் 1 சதவீதம், கம்பெனி அல்லது கூட்டு நிறுவனம் என்றால் 2 சதவீதம். செக்யூரிட்டி கம்பெனியின் மாத பில் ஜிஎஸ்டி நீங்கலாக 38,000 என்றால் மாதம் 760 ரூபாய் பிடித்து, அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. இதற்கு டான் எண் (வரி பிடிப்பவருக்கு வருமான வரித்துறை தரும் எண்) வேண்டும், காலாண்டு அறிக்கையும் போட வேண்டும். அறிக்கை தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் ஏறும். சின்னச் சங்கங்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான், ஏனென்றால் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஜிஎஸ்டி பெரும்பாலோருக்கு வராது. ஒரு வீட்டுக்கு மாதக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கவலை. 7,500-ஐத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தீர்ப்புச் சொன்னது. வரித்துறை அதற்கு முன் சொல்லிவந்தது முழுத் தொகைக்கும் என்று. பெரிய வளாகங்களில் இருப்பவர்கள் இதை ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும்.

மார்ச் 31: ஆண்டுக் கணக்கு முடித்தல்

வந்த பணமும் போன பணமும் மட்டும் எழுதினால் அது ரொக்க வரவு செலவுக் கணக்கு. ஆண்டின் உண்மை நிலை அதில் தெரியாது. எங்கள் அடுக்ககத்தையே எடுத்துக்கொள்வோம். 24 வீடு, மாதம் 2,500. வருடத்துக்கு வரவேண்டியது 7,20,000. கையில் வந்தது 7,05,000. அப்படியானால் பாக்கி 15,000-தானே?

இல்லை. வந்த 7,05,000-ல் 20,000 போன வருடப் பாக்கி. 10,000 அடுத்த வருடத்துக்கு ஒருவர் முன்கூட்டியே கட்டியது. இந்த வருடத்துக்கென்று வந்தது 6,75,000 மட்டும். ஆகவே இந்த வருடப் பாக்கி 45,000. வருமான செலவுக் கணக்கில் 7,20,000 முழுதும் வருமானமாக வரும். இருப்புநிலைக் குறிப்பில் (சங்கத்துக்கு இருப்பது, சங்கம் தரவேண்டியது இரண்டையும் காட்டும் தாள்) 45,000 சங்கத்துக்கு வரவேண்டியது என்று சொத்துப் பக்கமும், 10,000 முன்பணம் என்று பொறுப்புப் பக்கமும் உட்காரும். பொதுக்குழுவில் "பாக்கி எவ்வளவு?" என்று கேட்பவருக்கு 15,000 என்று பதில் சொல்லியிருந்தால் பொருளாளர் தன்னை அறியாமலேயே 30,000 ரூபாயை மறைத்தவர் ஆகியிருப்பார்.

செலவிலும் இதே கதைதான். மார்ச் மாத மின் கட்டணம் ஏப்ரலில் கட்டினாலும் மார்ச் கணக்குக்கே சேரும். ஜனவரியில் ஒரு வருடத்துக்குக் கட்டிய இன்ஷூரன்ஸில் முக்கால் பங்கு அடுத்த நிதியாண்டுக்கு உரியது. ஜெனரேட்டர், சிசிடிவி, மோட்டார் வாங்கினால் சொத்துப் பதிவேட்டில் ஏற்றித் தேய்மானம் போட வேண்டும், அதாவது வருடாவருடம் அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் குறைத்துச் செலவாக எழுத வேண்டும்.

உள் சரிபார்ப்பு

ஆடிட்டரிடம் போகும் முன், செயற்குழுவில் இல்லாத இரண்டு உறுப்பினர்களிடம் புத்தகங்களைக் கொடுங்கள். கணக்குப் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்கத் தயங்காதவராக இருந்தால் போதும். எங்கள் கட்டடத்தில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இதைச் செய்தார். அவர் கண்ணுக்குத் தப்பிய வவுச்சர் கிடையாது.

அவர் செய்த முறை இது. எல்லா மாதத்தையும் மேலோட்டமாகப் பார்ப்பதை விட்டு இரண்டு மாதத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு காகிதத்தையும் பார்த்தார். ரசீது எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று விரல் வைத்து எண்ணினார். வைப்புத்தொகை ரசீதின் மூலத்தைக் கேட்டார், ஜெராக்ஸைத் தொடவில்லை. முன்சொல்லாமல் ஒருநாள் வந்து சில்லறைப் பணத்தை எண்ணினார். ஐந்து வீடுகளுக்குப் போய், "உங்க கணக்குப்படி பாக்கி எவ்வளவு?" என்று கேட்டுப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். பெரிய செலவு ஒவ்வொன்றுக்கும் மினிட் புத்தகத்தில் தீர்மானம் இருக்கிறதா என்று தேடினார். மோட்டார் ரீவைண்டிங் இரண்டு முறை பில் ஆகியிருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். கடைக்காரர் பழைய பில்லையே மறுபடி அனுப்பியிருக்கிறார், நான் பார்க்காமல் பணம் கொடுத்திருக்கிறேன்.

ஆடிட்டரிடம்

மே மாதத்திலேயே போய்விடுங்கள். ஜூலைக்கு மேல் அவர்கள் அலுவலகத்தில் நிற்க இடமிருக்காது. புத்தகங்கள், வவுச்சர் பைல்கள், 12 மாதப் பாஸ்புக் நகல், சரிக்கட்டல் தாள்கள், வைப்பு ரசீதுகள், போன வருடத் தணிக்கை அறிக்கை, மினிட் நகல்கள், டிடிஎஸ் செலான்கள், நிலுவைப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொடுங்கள். செயற்குழுவில் இருக்கும் யாருடைய நெருங்கிய உறவினரும் ஆடிட்டராக வேண்டாம். எவ்வளவு நேர்மையானவர் என்றாலும் பேச்சு வரும். அறிக்கையில் அவர் ஏதாவது குறை எழுதினால் அதை எடுக்கச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். "ரொக்கச் செலவுகள் சிலவற்றுக்கு உரிய பில் இல்லை" என்ற ஒரு வரி எங்கள் அறிக்கையில் வந்தது. அதைக் காட்டித்தான் அடுத்த வருடம் ரொக்கச் செலவுகளைக் குறைக்க முடிந்தது.

பொதுக்குழு, பதிவாளர் அலுவலகம்

செப்டம்பருக்குள் ஆண்டுப் பொதுக்குழுவை முடித்துவிடுவது நல்லது. அறிவிப்போடு கணக்கின் நகலையும் அனுப்புங்கள். கூட்டத்தில் நீட்டினால் யாரும் படிக்க முடியாது, படிக்காதவர்தான் அதிகம் சத்தம் போடுவார். முதல் பக்கத்தில் இந்த வருடம், போன வருடம் என்று இரண்டு நெடுவரிசை. எது பத்து சதவீதத்துக்கு மேல் ஏறியதோ அதற்கு ஒரு வரியில் காரணம். கணக்கை ஏற்கும் தீர்மானம், அடுத்த ஆண்டுக்கு ஆடிட்டரை நியமிக்கும் தீர்மானம், இரண்டும் மினிட்டில் ஏற வேண்டும். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு.

பிறகு மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல், அந்த நிதியாண்டில் சங்கம் செயல்பட்டது என்ற உறுதிமொழி ஆகியவை போக வேண்டும். உறுப்பினர் பட்டியலுக்குப் படிவம் 6, நிர்வாகிகள் மாறியிருந்தால் படிவம் 7. தாக்கல் செய்ததற்கான ஒப்புகையைத் தனிப் பைலில் வையுங்கள். பல சங்கங்கள் பதிவு செய்ததோடு இந்தப் பக்கமே போவதில்லை. வங்கியில் கையெழுத்து மாற்றவோ சங்கத்தின் பெயரில் வழக்குப் போடவோ போகும்போதுதான் விட்டுப்போன ஆண்டுகள் எல்லாவற்றையும் தாமதக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டியிருப்பது தெரிகிறது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் மனுக் கொடுத்தால் சங்கத்தின் விவகாரங்களைப் பதிவாளர் விசாரிக்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. 24 பேரில் அது எட்டுப் பேர்தான்.

பொறுப்பை ஒப்படைத்தல்

பட்டியல் போட்டு, இருவரும் கையெழுத்திட்டு, செயலாளர் முன்னிலையில். புத்தகங்கள், பயன்படுத்தாத ரசீது மற்றும் செக் புத்தகங்களின் எண்கள், வைப்பு ரசீதுகள், பான், டான், வருமான வரித் தளத்தின் கடவுச்சொல், மின்னஞ்சல், அலமாரிச் சாவி, அன்றைய ரொக்கம், அன்றைய பாஸ்புக் இருப்பு. பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், மினிட் புத்தகங்கள், தணிக்கை அறிக்கைகள் ஆகியவற்றை என்றைக்கும் தூக்கிப் போடக் கூடாது. வவுச்சர்களை நாங்கள் எட்டு வருடம் வைத்திருக்கிறோம், கரையானுக்கு அந்துருண்டை போட்டு.

கடைசியாக ஓடிபி எண். வங்கியிலும் வருமான வரித் தளத்திலும் பதிவாகியிருக்கும் கைபேசி எண் பழைய பொருளாளருடையதாக இருக்கும். அவர் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போயிருப்பார். காலாண்டு அறிக்கைக்குக் கடைசி நாளன்று இரவு பத்து மணிக்கு அவரைக் கூப்பிட்டு, "சார், ஒரு ஓடிபி வந்திருக்கும்" என்று இரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சங்கத்துக்கென்று ஒரு சிம் வாங்கி, ஒரு பழைய பட்டன் போனில் போட்டு அலமாரியிலேயே வைத்திருக்கிறோம். அதற்கு ரீசார்ஜ் செய்ய வேண்டிய தேதியும் ஒப்படைப்புப் பட்டியலில் இருக்கிறது.